கவாத்து வெட்டிய செடியும் வாலிபர் கூட்டமும்

கே: தேயிலைத் தோட்டங்களில் பல வருடம் வாலிபர் ஊழியம் செய்தவர் கற்கும் முதல் பாடம் எது? (வாசகர், ஹட்டன்)

ப: கடிகாரத்தைக் கழற்றி வைப்பது. ஆறு மணிக்குக் கூட்டம் என்றால், கொழுந்து நிறுத்து, பீலியில் தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு போட்டுவிட்டு ஏழரைக்கு வருவார்கள். அதுவரை பிரசங்கியார் பெஞ்சு துடைக்கலாம். அதுவும் ஊழியம்தான்.

கே: தயார்செய்த பிள்ளைகள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுகிறார்களே, உழைப்பு வீண்தானே? (வாசகி, நுவரெலியா)

ப: கவாத்து வெட்டிய மலையைப் பார்த்ததில்லையா? வெறும் குச்சிகள்தான் நிற்கும். புதியவர் செடி செத்தது என்பார், கங்காணி சிரிப்பார். சில மாதத்தில் துளிர்விடும். கிறிஸ்மஸுக்கு பஸ்ஸில் வந்திறங்கும் பையன் கையில் பாடகர் குழுவுக்கு ஒரு கிட்டார் இருக்கும்.

கே: வேதம் போதித்தால் போதாதா? வீடு, சம்பளம் பேசுவது எதற்கு? (வாசகர், தலவாக்கலை)

ப: பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டுப் பிள்ளையிடம் பரலோக மாளிகையை மட்டும் வர்ணித்தால், "அதில் ஒரு அறை இங்கே கிடைக்காதா ஐயா?" என்பான். இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. 1972இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தமிழரையும் கிராமத்துச் சிங்களவரையும் ஒன்றாக உட்காரவைத்தார்.

கே: ஊழியருக்கு ஓய்வு எப்போது?

ப: நீங்கள் வளர்த்த பையன் உங்கள் தவறைத் திருத்தும் அன்று. சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பெஞ்சில் உட்காருங்கள்.