தலைமையாசிரியருக்குப் பூனைக் காது

பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு மலர் போடலாம் என்று முடிவானதும், "நம்மள்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் யாருப்பா?" என்று கேட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வங்கிக் கிளைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த அன்று அதற்குச் சூடம் காட்டியவன் நான். அந்தத் தகுதி போதும் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்தது பேஜ்மேக்கர்தான். ஆல்டஸ் கம்பெனி 1985-இல் கொண்டுவந்தது. 1994-இல் ஆல்டஸையே அடோபி வாங்கிவிட்டது. 1999-இல் இன்டிசைன் வந்தது. நம்மூர் அச்சகங்கள் அதற்கப்புறமும் வெகுகாலம் பேஜ்மேக்கரைக் கட்டிக்கொண்டு அழுதன, நானும் சேர்ந்து அழுதேன். அக்கா பையன்தான், "மாமா, யூனிகோடுக்கு அதெல்லாம் ஆகாது" என்று சொல்லி இன்டிசைனைப் போட்டுக் கொடுத்தான். வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்று ஒன்றை மாற்றி வைத்து, எழுத்துக்குப் பின்னால் போய் நின்றிருந்த கொம்புகளை முன்னால் கொண்டுவந்தான். அத்தோடு பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டான்.

இன்டிசைனில் படத்தை வைத்தால் படம் உள்ளே வந்துவிட்டது என்றுதானே நீங்களும் நினைப்பீர்கள்? வராது. வந்திருப்பது படத்தின் விலாசம். அந்த விலாசத்தில் படம் இல்லாவிட்டால் லிங்க்ஸ் பட்டியலில் சிவப்பில் கேள்விக்குறி போடும். படம் இருந்து, அதில் யாராவது கை வைத்திருந்தால் மஞ்சள் முக்கோணம். படத்தைத் திருத்த வேண்டுமானால் பென்சில் மாதிரி இருக்கும் 'எடிட் ஒரிஜினல்' பொத்தானை அமுக்க வேண்டும், அல்லது ஆல்ட் சாவியைப் பிடித்துக்கொண்டு படத்தின்மேல் இரண்டு தட்டு தட்ட வேண்டும். படம் அதற்குரிய மென்பொருளில் திறக்கும். திருத்திச் சேமித்துவிட்டு வந்தால் பக்கத்திலும் மாறியிருக்கும்.

'அதற்குரிய மென்பொருள்' எது என்பதை இன்டிசைன் முடிவு செய்வதில்லை, பாவம். அது விண்டோஸைக் கேட்கும். விண்டோஸ் தன் பேரேட்டைப் பார்த்து, கடைசியாக எவர் 'ஆல்வேஸ்' என்று அமுக்கினாரோ அவர் சொன்னதைச் சொல்லும். எங்கள் வீட்டில் கடைசியாக அமுக்கியவள் என் பேத்தி. வயது ஆறு.

எங்கள் பழைய தலைமையாசிரியரின் கருப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்திருந்தது. யாரோ மடித்துப் பர்ஸில் வைத்திருந்ததால் மூக்கின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அதை மட்டும் ஃபோட்டோஷாப்பில் அழித்துவிடலாம் என்று ஆல்ட் பிடித்துத் தட்டினேன். ஃபோட்டோஷாப் வரவில்லை. பேத்தி ஏற்றி வைத்திருந்த ஏதோ ஒரு ஸ்டிக்கர் விளையாட்டு, ரோஸ் நிறத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு திறந்தது. முகத்தைக் கண்டால் அது தானாகவே பூனைக் காது ஒட்டிவிடுமாம். ஒட்டியது, இரண்டு பக்கமும் மீசையோடு. பதறிப்போய் மூடப் போனேன். "சேமிக்கவா?" என்று கேட்டது. கேட்டதற்கெல்லாம் "சரி" என்பது கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பழக்கம்.

அப்புறம் நான் காபி குடிக்கப் போய்விட்டேன். இன்டிசைன் மட்டும் தன் கடமையில் தவறாமல் புதுப் படத்தைப் பக்கத்தில் ஏற்றிவிட்டது. அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்க்காமல் பிடிஎஃப் ஆக்கி மலர்க்குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு, அவரிடம் அதிகமாகப் பிரம்படி வாங்கியவன் எழுதினான்: "சாருக்கு இப்பதான்டா பயப்படாம வணக்கம் வைக்க முடியுது."

பெங்களூருக்குப் போன அக்கா பையனைப் போனில் பிடித்தேன். "செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் போங்க மாமா. ஜேபிஜி-ன்னு தேடி ஃபோட்டோஷாப்பை வைங்க." வைத்தேன். அடுத்த படத்தைத் தட்டினேன். மறுபடி ரோஸ் நிறம், மறுபடி பாட்டு. விசாரித்தால், என் ஆட்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களெல்லாம் ஜேபிஇஜி. நடுவில் ஒரே ஒரு 'இ'. சரக்கு ஒன்றுதான், ஆனால் விண்டோஸுக்கு அவை வேறு வேறு ஆள். இந்த வால் எழுத்து கண்ணிலேயே படாதபடி விண்டோஸ் அதை மறைத்து வேறு வைத்திருக்கும்; 'வியூ'வில் போய் நாம்தான் காட்டச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாலாகப் பிடித்து ஃபோட்டோஷாப்பில் கட்டினேன்.

இதே சூட்டில் கட்டுரைகளையும் வேர்டோடு கட்டிவிடலாம் என்று ஆசை வந்தது. எழுத்துக் கோப்புகளுக்கு இன்டிசைன் சாதாரணமாக லிங்க் வைக்காது; பிரிஃபரன்சஸில் போய் நாமாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டேன். தலைவரின் வாழ்த்துரை வேர்டில் அழகாகத் திறந்தது, அவர் பட்டத்தில் விட்டுப்போன ஒரு புள்ளியை வைத்தேன், இன்டிசைனுக்கு வந்து லிங்கைப் புதுப்பித்தேன். பக்கத்தில் செய்த மாற்றங்கள் அழிந்துவிடும், சம்மதமா என்று ஒரு பெட்டி கேட்டது. என் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. ராத்திரி கண் விழித்துப் பார்த்த ப்ரூஃப் திருத்தம் அத்தனையும் போயிற்று. புள்ளி இருந்தது.

படங்களாவது ஒழுங்காகத் திறக்கின்றனவே என்று சமாதானப்பட்டுக்கொண்டிருந்தபோது அடுக்களைப் பக்கமிருந்து குரல் வந்தது. "என்னங்க, பாப்பா போட்டோவைத் தொட்டா என்னமோ ஆபீஸ் மாதிரி திறக்குது? நான் குக்கர் வச்சு எறக்கிட்டு வந்துட்டேன், இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு!" வீட்டிலுள்ள கல்யாணப் படம், காதுகுத்துப் படம், கேஸ் ரசீதைப் படம் பிடித்தது, எல்லாமே இனி ஃபோட்டோஷாப் வழியாகத்தான் தரிசனம் தரும். ஃபோட்டோஷாப்பா, எங்கள் பழைய லேப்டாப்பில் ஏறி உட்காரவே அரைக் குக்கர் சாதம் வெந்துவிடும்.

மறுபடி போன். அக்கா பையன் சாவதானமாகச் சொன்னான்: "மாமா, லிங்க்ஸ்ல படத்து மேல ரைட் கிளிக் பண்ணா 'எடிட் வித்'னு இருக்கும். அதுல ஃபோட்டோஷாப்பைக் காட்டினா போதும். டீஃபால்ட் எதையும் தொடவே வேண்டாமே."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்னடா?"

"நீங்க 'ஆல்வேஸ் திறக்கணும்'னுதானே கேட்டீங்க?"

இந்த டீஃபால்ட் சமாச்சாரம் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியாம். இப்போது மனைவிக்கு ஒரு கணக்கு, பேத்திக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவர்கள் இருவருக்கும் என் பாஸ்வேர்டு தெரியும். அவர்களுடையதை எனக்குச் சொல்லவில்லை.

நீங்களும் மலர், மணிவிழா மலர் என்று கிளம்பியிருந்தால் ரைட் கிளிக்கில் 'எடிட் வித்'தை முதலில் தேடிக்கொள்ளுங்கள். 'ஆல்வேஸ்', 'ஜஸ்ட் ஒன்ஸ்' என்று இரண்டு பொத்தானோடு பெட்டி வந்தால் 'ஜஸ்ட் ஒன்ஸ்' போதும். 'ஆல்வேஸ்'தான் வேண்டுமென்றால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அமுக்குங்கள்.