மொட்டை மாடியில் நான்கு வீல் கப்

2006-ல் சங்ககிரிக்குப் போய் அந்தக் கான்டெஸாவை வாங்கினேன். விற்றவர் லாரித் தொழில் செய்பவர். பணத்தை எண்ணி வைத்த பிறகும் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். "வண்டியில ஒரு குறையும் இல்லீங்க தம்பி. பெட்ரோல் போட்டு மாளல" என்றார். பிரியப்பட்ட வண்டியைப் பெட்ரோலுக்காகவா விற்பார்கள் என்று அன்று எனக்குக் கோபமே வந்தது.

1994 மாடல். வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸால் வழி வந்தது, எஞ்சின் ஜப்பானின் இசுசு, 1.8 லிட்டர். அம்பாசடர் ஓடிய தெருவில் அது நுழைந்தால் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வாக்கிங் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

எனக்கு அது போதவில்லை. லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல்லில் இரும்பை வளைக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு லேத் பட்டறையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சைலன்ஸர் குழாயை அகலப்படுத்தினோம். பெரிய கார்புரேட்டர், அகல டயர், அலாய் வீல், தாழ்த்திய ஸ்பிரிங். விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும்போது அந்தக் குழாயின் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வரும். அதற்காகவே ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டுவேன். கழற்றிய பழைய சக்கரங்கள் எடைக்குப் போயின. பழைய கார்புரேட்டர் எங்கே போனதென்றே தெரியவில்லை. நான்கு வீல் கப்பை மட்டும் அம்மா எடுத்துப் போய் மொட்டை மாடியில் குருவிகளுக்குத் தண்ணீர் வைத்தார்.

லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டி, என் கைவேலைக்குப் பிறகு ஆறு கொடுத்தது. 2021-ல் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. நாமக்கல் போய்த் திரும்பினால் பெட்ரோலுக்கே 1,800 ரூபாய்க்கு மேல். உற்பத்தி 2002-லேயே நின்றுவிட்டதால் ஒரு கண்ணாடி ரப்பருக்கும் ஊர் ஊராகப் போன் செய்ய வேண்டும். பதினைந்து வருடம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. என் வண்டிக்கு 2024-ல் முறை வந்தது. கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. புதுப்பிக்க வேண்டுமென்றால் நான் ஆசையாகச் சேர்த்ததையெல்லாம் கழற்ற வேண்டும். மகளின் கல்லூரிக் கட்டணமும் அதே வருடம் ஜூன் மாதத்தில் வந்து நின்றது.

விற்பதென்று முடிவெடுத்தேன். பார்க்க வந்த மூவரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஒரிஜினல் பார்ட்ஸ் இருக்குங்களா?" இன்று கான்டெஸாவைத் தேடுகிறவர்களுக்கு அது கம்பெனியிலிருந்து வந்தபடியே வேண்டும். நான் உயிரைக் கொடுத்துச் செய்த ஒவ்வொரு வேலைக்கும் விலை குறைந்தது. நாமக்கல் குழாயைத் தடவிப் பார்த்த திருச்செங்கோட்டுக்காரர், "அருமையான வேலைங்க. ஆனா மாத்திருவேன்" என்றார். நெஞ்சு வலித்தது. ஆனால் வண்டியை அவர் பார்த்த பார்வையில் பிரியம் இருந்தது. அதனால் அவருக்கே கொடுத்தேன்.

"வீல் கப்பாவது இருக்குதா?" என்று கடைசியாகக் கேட்டார். மாடிக்கு ஓடினேன். பாசி பிடித்த நான்கையும் அம்மாவே சாம்பல் போட்டுத் தேய்த்து, முந்தானையால் துடைத்துத் தந்தார். திருச்செங்கோட்டுக்காரர் டிக்கியில் சாக்கு விரித்து அவற்றை அடுக்கினார். சாவியை அப்புறம்தான் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் குருவிகளுக்கு இட்லித் தட்டில் தண்ணீர் இருந்தது.