மூழ்காத படகும் முழங்கால் வலியும்

லங்காவிக்குப் போகும் மலேசியர்கள் சாக்லேட்டும் பீங்கான் தட்டும் வாங்கி வருவார்கள். 1987இல் அது வரியில்லாத் தீவு ஆனதிலிருந்து இதுதான் வழக்கம். நான் போனது பாய்மரப் படகு வாங்க. படகுக்கும் வரி கிடையாதாம் என்று மனைவியிடம் ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தேன்.

"வரி இல்லேன்னா யானையைக்கூட வாங்குவீங்களா?" என்றாள்.

யானை கடலில் போகாது. எனக்கு லங்காவியிலிருந்து திருகோணமலைக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 1,100 கடல் மைல். வடகிழக்குப் பருவக்காற்று முதுகில் தள்ள, மணிக்கு ஐந்து மைல் வீதம் போனால் ஒன்பது நாளுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். விமானத்தில் நான்கு மணி நேரம்கூட ஆகாது என்பதை வீட்டில் எனக்கு அடிக்கடி நினைவூட்டினார்கள். லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. கெடாதான் பழைய கடாரம். 1025இல் ராஜேந்திர சோழன் கப்பல்களை அனுப்பிய கடலை நான் எதிர்த் திசையில் கடப்பதாக ஏற்பாடு. அவன் பழைய கப்பல் வாங்கினானா, புதிதாகக் கட்டினானா, வீட்டில் யாரிடமாவது அனுமதி கேட்டானா என்று கல்வெட்டில் ஒன்றும் இல்லை.

பழைய படகு வாங்க லங்காவி நல்ல இடம். ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் உலகம் சுற்றக் கிளம்பிய தம்பதிகள் இங்கே வந்ததும் வரைபடத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அடுத்தது இந்துமாக்கடல், அதற்கு அப்பால் செங்கடல். இருவரில் ஒருவர் "எனக்குப் போதும்" என்கிறார். மறுநாள் படகின் கம்பியில் 'விற்பனைக்கு' அட்டை தொங்குகிறது.

படகுத்துறையில் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பீர் டின்னோடு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு மதம். படகின் அடியில் முழு நீளத்துக்கும் ஓடும் கீல் இல்லாவிட்டால் ஆழ்கடலில் உயிருக்கு உத்தரவாதமில்லை என்பார் ஒருவர். அப்படிப்பட்ட படகு போய்ச் சேருவதற்குள் வயதாகிவிடும், நடுவில் மட்டும் துடுப்புபோலத் தொங்கும் கீல்தான் வேண்டும் என்பார் அடுத்தவர். மூன்றாமவர் ஒரு சூத்திரமே கொடுத்தார்: படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்து, அதற்குக் கனமூலம் கண்டு, படகின் அகலத்தை அடியில் எடுத்து அதால் வகுக்க வேண்டும். விடை இரண்டுக்குள் இருந்தால் கவிழ்வது கடினம். கனமூலம் என்றதும் பள்ளிக்கூடத்து கிளார்க்ஸ் டேபிளின் மட்டை நிறம்வரை ஞாபகம் வந்தது. கைபேசியில் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்த தாயானா 37 என்ற படகுக்கு 1.6 வந்தது. மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். "நீங்க கணக்குல வாங்கினதுலேயே இதுதான் நல்ல மார்க்கு" என்றாள்.

அந்தச் சூத்திரம் பிறந்த கதை சிரிப்புக்குரியதல்ல. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பி நடுக்கடலில் புயலில் மாட்டின. பந்தயத்தில் போனவர்களில் 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் படகு எப்போது கவிழும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஆனால் என் மனத்தில் நின்றது வேறொரு கணக்கு. ஆட்கள் கைவிட்டு வெளியேறிய படகுகள் 24. அவற்றில் மூழ்கியவை ஐந்துதான். மற்றவை ஆளில்லாமல் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தன.

சடோரி கதையும் அதே ரகம். அது வெஸ்ட்ஸெயில் 32 என்ற குண்டுப் படகு. ஓடும் வேகத்தைப் பார்த்து 'ஈர நத்தை' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். 1991 அக்டோபர் கடைசியில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் பெரும்புயல். உரிமையாளருக்குத் துளியும் விருப்பமில்லாமலே கடலோரக் காவல்படை எல்லோரையும் இறக்கிக் கொண்டுபோனது. நத்தை தன்பாட்டுக்கு மிதந்து மேரிலாந்து மணலில் போய் ஒதுங்கியது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969இல் தனியாளாக, எங்கும் நிற்காமல், 312 நாளில் உலகைச் சுற்றி முடித்த சுஹாய்லி இதற்கு ஒன்றுவிட்ட அக்கா. இரண்டுக்கும் மூலம் ஒரே பழைய வரைபடம். சுஹாய்லி பம்பாயில் தேக்கில் கட்டப்பட்டது. அவர் ஆசைப்பட்டது வேறொரு பெரிய இரும்புப் படகுக்கு. காசு இல்லாததால் இருப்பதை எடுத்துக்கொண்டு போனார்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. படகு தாங்கிவிடுகிறது, முதலில் கழன்றுபோகும் உதிரிபாகம் மனுஷன்தான். அப்படியானால் சர்வேயர் தட்டிப் பார்க்க வேண்டியது யாரை?

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் இல்லை. படகை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்கும் ஆங்கிலேயர். தாயானா 37ஐக் கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். தைவானில் 1980களில் கட்டியது. சின்னச் சுத்தியலால் அவர் தளத்தைத் தட்டிக்கொண்டே போக, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். 'டக் டக்' என்றால் திடம். 'தொப்' என்றால் உள்ளே தண்ணீர் புகுந்து அழுகல். மேலே பதித்திருக்கும் தேக்குப் பலகை பார்க்க அழகுதான். அதைப் பிடித்திருக்கும் நூற்றுக்கணக்கான திருகாணிகளில் ஒவ்வொன்றும் ஒரு துளை. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் பளபளத்தன. அவர் அவற்றை விட்டுவிட்டு, தண்ணீர் தேங்கும் கீழ்முனைப் பூணை மட்டும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கம்பி அறுவது அங்கேதானாம். பத்து வருஷத்தைத் தாண்டியிருந்தால் கம்பி என்ன பளபளத்தாலும் காப்பீட்டுக்காரர் முகம் சுளிப்பாராம். எஞ்சின் பெர்கின்ஸ் 4108. நல்ல உழைப்பாளி, ஆனால் எண்ணெய் ஒழுக்கும். படகின் சொந்தக்காரரான ஆஸ்திரேலியர் அதன் அடியில் குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரைப் பரப்பி வைத்திருந்தார்.

என் முகம் வாடியதைப் பார்த்து அவர் ஜோஷுவா ஸ்லோக்கம் கதையை எடுத்தார். பழைய படகு விற்பவர் எல்லோருக்கும் இது மனப்பாடம். 1892இல் ஒரு நண்பர் ஸ்லோக்கத்துக்கு ஸ்ப்ரே என்ற படகை இலவசமாகத் தந்தார். போய்ப் பார்த்தால் புல்வெளியில் முட்டுக்கொடுத்துக் கிடந்த சிப்பிப் படகு. 13 மாதம் உழைத்து, 553.62 டாலர் செலவழித்து, அதில் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஆனார். இலவசத்துக்கே இவ்வளவு செலவு என்றால் விலைக்கு வாங்குவதற்கு எவ்வளவு என்று கேட்க நினைத்தேன். 1909இல் அதே படகோடு ஸ்லோக்கம் காணாமல் போனதை விற்பவர்கள் சொல்வதில்லை.

மனைவியின் சோதனை தனியாக நடந்தது. முன்பக்கத்தில் இரட்டைக் கட்டிலோடு இருந்த அறையில் படுத்துப் பார்த்தாள். "கடல்ல போறப்பவும் இங்கேதான் தூக்கமா?"

இல்லையாம். அலையில் மூக்கு எழுந்து விழும்போது அங்கே படுத்தவர் பாதி நேரம் அந்தரத்தில் இருப்பாராம். நடுவில் உள்ள ஒடுக்கமான பெஞ்சில், உருண்டு விழாமல் பக்கவாட்டில் கித்தான் கட்டிக்கொண்டு ஒருவர் தூங்க வேண்டும். மற்றவர் மேலே காவல். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம்.

"அப்போ ஒம்பது நாளும் உங்க குறட்டை என் காதுல விழாது," என்றாள். படகுக்குக் கிடைத்த முதல் மார்க்கு அது.

அடுத்தது சமையலறை. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு ஊஞ்சல்போல ஆடி மட்டமாக நிற்கும். சமைப்பவரைச் சுவரோடு சேர்த்துக் கட்ட ஒரு வார் உண்டு. வாரைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தாள். அடுப்படியில் யாரைக் கட்டுவது என்பது அந்த ஒரு பார்வையிலேயே முடிவாகிவிட்டது. மூடி பூட்டிக்கொள்வதால் பிரஷர் குக்கர்தான் கடலில் பாதுகாப்பு என்று சர்வேயர் ஏதோ புதுக் கண்டுபிடிப்பாகச் சொன்னார். அவள் அடக்கமாகக் கேட்டுக்கொண்டாள்.

கழிப்பறையைத் திறந்தபோதுதான் படகின் உடம்பில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வேண்டுமென்றே ஓட்டை போட்டிருப்பது அவளுக்குத் தெரிய வந்தது. கழிப்பறைக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. வால்வு உடைந்தால் அடித்து அடைக்கப் பக்கத்திலேயே கயிற்றில் மரக்கட்டை. வால்வு வெண்கலமாக இருக்க வேண்டும். பித்தளை என்றால் உப்புநீரில் துத்தநாகம் கரைந்து, இளஞ்சிவப்பாகி, கையோடு உதிர்ந்து வரும். "எத்தனை ஓட்டை?" என்று கேட்டுவிட்டு, சர்வேயர் சொன்னதை நம்பாமல் தானே எண்ணப் போனாள்.

அந்த இடைவெளியில் சர்வேயர் என்னை நங்கூரத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னார். ஏணியில் ஒருமுறை இறங்கி ஏறச் சொன்னார். என் முழங்கால் எழுப்பிய சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டார். நல்ல மனிதர், அறிக்கையில் அதை எழுதவில்லை.

ஓட்டை எண்ணப் போனவள் திரும்பவில்லை. தேடிப் போனால் பின்தளத்தில் சொந்தக்காரரின் மனைவியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். தடித்த அறிக்கையில் இல்லாத அத்தனையும் அந்தக் கோப்பைக்குள் வந்து சேர்ந்திருந்தன: வலப்பக்கம் மூன்றாவது ஜன்னல் தலையணையில்தான் ஒழுகும், முன் தொட்டித் தண்ணீரைத் தேநீருக்கு எடுக்கக் கூடாது, இரவில் பெர்கின்ஸ் மூன்றாம் முறைதான் கிளம்பும், அந்தம்மாவுக்குப் பிரிஸ்பேனில் பேரப்பிள்ளை பிறந்தாயிற்று, அவர் இனி கடலில் கால் வைப்பதாக இல்லை.

"விலையைப் பத்திக் கேட்கலாமா?" என்றேன்.

"இருபதாயிரம் வெள்ளி குறைச்சுக் கேளுங்க, தருவாரு," என்று ஆஸ்திரேலியத் தம்பதியைப் பார்த்துச் சிரித்தபடியே தமிழில் சொன்னாள். "அப்புறம், பிரிக்காத டயப்பர் ரெண்டு பாக்கெட் கட்டிலுக்கு அடியில வச்சிருக்காரு. அதையும் சேர்த்துப் பேசுங்க."