திருச்சிக்கு எத்தனை எழுத்து?

கேள்வி: ஊர்ப் பெயரில் எழுத்து மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்க ஜாவாவில் நிரல் எழுதினேன். ஆங்கிலத்தில் சரி, 'திருச்சி' என்றால் தவறு என்கிறதே? (கல்லூரி மாணவி, ஸ்ரீரங்கம்)

பதில்: நமக்கு 4 எழுத்து, ஜாவாவின் 'லெங்த்' கணக்கில் 8. இகரக் குறி, உகரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனி ஆட்கள், தனித்தனி டிக்கெட்! அவற்றை 'இஸ்லெட்டர்' எழுத்தாக ஏற்காது. 'இஸ்ஆல்ஃபபெட்டிக்' போட்டால் குறிகள் தப்பும், புள்ளியில் முட்டும். 'கெட்டைப்' மூலம் குறி வகைகளையும் அனுமதியுங்கள்.

உங்கள் ஊர் இன்னும் பொல்லாதது. 'ஸ்ரீ'யின் முதல் எழுத்து சிலர் தட்டச்சில் ஸ, சிலருடையதில் 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ. திரையில் பெரும்பாலும் ஒரே உருவம். 'ஈக்வல்ஸ்' மட்டும் ஒப்பாது. ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் அச்சிட்டுப் பாருங்கள்: 3000 வந்தால் ஸ, 2998 வந்தால் ஶ. ஒன்றாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.