டவுசர் கிழிதலின் தோற்றமும் வளர்ச்சியும்: புதுக்கோட்டைப் பாறைகளை முன்வைத்து ஓர் உராய்வியல் ஆய்வு

குழந்தைகளுக்கு உராய்வை எப்படி விளக்குவது? அறிஞர் உலகம் வழிவழியாகக் கைக்கொண்டுவரும் முறை இது: முதலில் வரையறையைக் கரும்பலகையில் எழுது. அடுத்து வகைகளை எழுது. நிலை உராய்வு, இயக்க உராய்வு, அதற்குள் நழுவு உராய்வு, உருளும் உராய்வு. அதற்குள் மணி அடித்துவிடும். மாணவன் எதையும் எதன்மீதும் உரசிப் பார்க்க நேராது என்பதே இம்முறையின் தனிச்சிறப்பு. எமது முறை வேறு. ஆகவே இதற்கு மதிப்பெண் கிடையாது.

முன்னோர் ஆய்வு: பிரான்சு நாட்டு அமோந்தோன் 1699இல் சொன்னார், உராய்வு அழுத்தும் சுமையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று. செங்கல்லைப் படுக்கப்போட்டு இழுத்தாலும் பக்கவாட்டில் நிறுத்தி இழுத்தாலும் கயிறு கேட்கும் பலம் ஒன்றுதான். லியொனார்டோ டா வின்சி இதை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே குறிப்பேட்டில் எழுதி, வெளியிடாமலே போய்ச் சேர்ந்தார். இன்றைய விதிகளின்படி அவருக்கு உதவிப் பேராசிரியர் வேலைகூடக் கிடைக்காது. இருவரும் புதுக்கோட்டைக்கு வந்ததில்லை; அந்தக் குறை அவர்கள் எழுத்தில் தெரிகிறது.

வந்திருந்தால் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தைக் கண்டிருப்பார்கள். பாறைச் சரிவில் கால் வைக்க ஏழு படிகளை வெட்டிக்கொண்டுதான் சமணத் துறவியர் குகைக்குப் போனார்கள். படி எதற்கு? பலகையில் ஓர் அழிரப்பரை வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். ஒரு கோணம் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டினால் நழுவிவிடும். அந்தக் கோணத்தின் டேன் மதிப்பே உராய்வுக் குணகம். துறவியர் டேன் போடவில்லை, உளியை எடுத்தார்கள். உள்ளே, இழைத்து மெருகேற்றிய 17 கற்படுக்கைகள். தலைமாட்டில் தலையணைபோல் மேடு. தலை வைக்க என்பது தொல்லியலார் கொள்கை. தூக்கத்தில் வழுக்கிப் போகாதிருக்க என்பது எம் துணிபு (காண்க: கறையான் முழுவதும் தின்றுவிட்ட ஓலைச்சுவடி, கட்டுக்கயிறு மட்டும்). சித்தன்னவாசல் குடைவரை ஓவியம் மகேந்திரவர்மன் காலமா, பாண்டியர் காலமா என்று அறிஞர்கள் உரசிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவராவது அந்தப் படுக்கையில் படுத்துப் பார்த்திருந்தால் இந்தத் தலைமாட்டு ஐயம் எப்போதோ தீர்ந்திருக்கும்.

தேர் உராய்வு: நின்ற தேரை அசைக்கச் சன்னைக்கட்டை, அசைந்த தேரை நிறுத்த முட்டுக்கட்டை, மற்றவற்றைத் திருவப்பூர்த் தேரோட்டத்தில் வடம் பிடித்து அறிக.

அம்மி உராய்வு: வழுவழுப்பானால் கொத்த வேண்டும்.

சைக்கிள் உராய்வு: 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பிரேக் கட்டை ரிம்மைக் கவ்வ வேண்டும், டயர் மண்ணைப் பிடிக்க வேண்டும், அச்சுக்குள் மட்டும் பால்ஸ் கிரீஸில் உருண்டு சுற்ற வேண்டும். ஒரே வண்டியில் இரண்டு இடத்தில் உராய்வு வேண்டும், ஓர் இடத்தில் கூடாது. விழுந்து எழுந்தவர்களுக்கு இது விளங்கிற்று. நம் ஆய்வாளர்களோ இதையே 'உராய்வின் நன்மைகள், தீமைகள்' என்று இரண்டு பத்தியாகக் கிழித்து மனப்பாடத்துக்குத் தருகிறார்கள்.

இனி நூற்பொருள். மாவட்டத்தில் பல ஊர்களில் மொட்டைப் பாறை உண்டு. அதில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கிய தடம் கறுத்துப் பளபளக்கும். நோஞ்சானும் குண்டனும் ஒன்றாகச் சறுக்கினால் ஏறத்தாழ ஒன்றாகவே கீழே வருவார்கள். இழுக்கும் எடை கூடினால் தடுக்கும் உராய்வும் அதே அளவில் கூடிவிடுகிறது. ஆனால் டவுசர் ஒன்றுபோலக் கிழிவதில்லை. ஆர்ச்சர்ட் 1953இல் வகுத்த விதிப்படி தேய்மானம் சுமைக்கும் சறுக்கிய தூரத்துக்கும் ஏற்பக் கூடும். ஆகவே குண்டன் டவுசர் முந்தும். முதலில் காக்கிச் சாயம் வெளுக்கும், அப்புறம் ஒருவாட்டு இழை போய் மறுவாட்டு இழை மட்டும் சல்லடையாக நிற்கும், பின்பு இருபுறமும் வட்டமாகத் திறக்கும். இந்நிலைக்கு வகுப்பறை வழக்கில் 'போஸ்ட் பாக்ஸ்' என்று பெயர் (காண்க: டவுசராற்றுப்படை, ஒட்டுப்போட்ட பதிப்பு, அதற்குக் கிழிச்சினார்க்கினியர் உரை, அவ்வுரையை மறுத்து எழுந்த 'ஊசிநூல் விளக்கம்', அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு, பாட்டியின் கண்ணாடி கிடைக்காததால் முற்றுப்பெறாதது).

அடியில் ஆவாரங்குழை ஒடித்துப் போட்டுச் சறுக்குவோர் உண்டு. இலைச்சாறு மசகெண்ணெயாகி வேகம் கூடும், துணி பிழைக்கும், பச்சைக் கறை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

கள ஆய்வில் பதிவான உரையாடல்:

"ஏன்டா, திரும்பவும் பாறைக்குப் போனியா?"

"இல்லத்தா, பெஞ்சுல ஆணி."

"ஆணி ரெண்டு பக்கமும் வட்டமாவா கிழிக்கும்?"

உராய்வுத் தடயத்தை வைத்து வினை எது என்று காணும் இந்த முறை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்படுவதாகத் தெரியவில்லை. அந்த ஆத்தாவுக்கு ஆய்வுப் பட்டமும் இல்லை, வழிகாட்டிப் பேராசிரியர் வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்த அனுபவமும் இல்லை.

ஆய்வின் இரண்டாம் பாகம் ஈரப் பாறை பற்றியது, மழைக்காலத்தில் தொடங்கும். நிதியுதவி வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு ஆகிற காக்கி டவுசர் வீட்டில் இருந்தால் வாசகர்கள் தந்துதவ வேண்டுகிறோம். பின்புறம் முழுதாக இருத்தல் அவசியம்.