பாரதம் வைப்பது எப்படி?

திரௌபதி அம்மன் கோயிலில் இந்த வருஷம் பாரதம் வைப்பதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகி, உங்களையும் விழாக்குழுவில் போட்டுவிட்டார்களா? கவலை வேண்டாம். செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு பக்கத்தில் பல குழுக்கள் கையாண்டு ஜெயித்த வழிகள் இவை.

முதல் வேலை பிளக்ஸ். கொடியேற்றத்துக்குத் தேதி குறிக்கும் முன்பே அடித்துவிடுங்கள். கூலிங்கிளாஸ் போட்ட குழு உறுப்பினர்கள் வரிசையாக நிற்க, அம்மன் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தால் போதும். கூத்தாடும் ஜமாவின் பேரைப் போட இடம் இருக்காது. ‘மற்றும் இரவு தெருக்கூத்து’ என்று கடைசி வரியில் போட்டால் தீர்ந்தது.

வசூலில் உள்ளூருக்குத் தலைக்கட்டு வரி. சென்னை, பெங்களூரில் இருப்பவர்களிடம் வரி என்று சொல்லாதீர்கள். “ஒரு ராத்திரிக் கூத்தை உங்க தாத்தா பேர்ல உபயமா எழுதிடறேண்ணா” என்று ஆரம்பியுங்கள். எழுதிக்கொண்ட பிறகு அதே ராத்திரியை இன்னும் இரண்டு தாத்தாக்களுக்கு எழுதலாம். தாத்தாக்கள் வந்து கேட்கப்போவதில்லை.

லைட் செட்டுக்காரர், ரேடியோ செட்டுக்காரர் இருவரிடமும் பேரம் பேசக் கூடாது. அவர்கள் தொழில் செய்பவர்கள். பேரம் பேசும் ஆசையை எல்லாம் கூத்து வாத்தியாருக்காகச் சேர்த்துவையுங்கள். அவர் வந்து வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வாங்க உட்கார்ந்ததும், “எதுக்கு வாத்தியாரே இத்தனை பேரு? நகுலன் சகாதேவன் இல்லாம ஆட முடியாதா?” என்று கேளுங்கள். முகவீணை ஊதுபவரைக் கண்டிப்பாக ஆட்சேபியுங்கள். “கீபோர்டு ஒண்ணு போதுமே!” வேஷக்காரர்கள் சாயங்காலமே வந்து, விளக்குக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அரிதாரம் எழுதி, புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம் என்று மரச்சாமான் அத்தனையையும் உடம்பில் இறுக்கிக் கட்டி, விடியும்வரை கிறுக்கி என்று சுழன்று சுழன்று ஆடுபவர்கள். விடிந்ததும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போவார்கள். இதையெல்லாம் யோசித்தால் பேரம் படியாது.

அடுத்தது அனுமதி. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதி. கூத்தில் களரி கட்டுவதே 10 மணிவாக்கில்தான். விதியை எழுதியவர் கூத்து டைம்டேபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினாரோ என்னவோ. எதற்கும் பந்தோபஸ்துக்கு வரும் ஏட்டய்யாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு, கர்ண மோட்சத்தன்று கூப்பிடுங்கள். மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறுவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் மைக்கை அணைக்கச் சொல்லமாட்டார்.

முறைப்படி பார்த்தால் மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து என்று நாள்கணக்கில் போகும். பதினெட்டு நாள் போரை எட்டு ராத்திரிக்குள் முடிப்பது இப்போது பெரிய விஷயமில்லை. எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், அர்ஜுனன் தபசை மட்டும் தொடாதீர்கள். பனைமரத்தை நட்டு, அதில் படிகள் அடித்து, அர்ஜுன வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவார். கீழே பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப்புடவையோடு முந்தானையை ஏந்தி நிற்பார்கள். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் யார் மடியில் விழுகிறதென்று ஊரே கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும். இந்த ராத்திரியை ரத்து செய்த குழு மறுநாள் ஊருக்குள் நடமாட முடியாது. வெட்டிய மற்ற ராத்திரிகளில் ஆடல் பாடல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நீதிமன்றம்வரை போய் அனுமதி வாங்குவதற்குக்கூட ஆள் இருக்கிறது, பணமும் இருக்கிறது.

துகில் ராத்திரிதான் உங்களுக்குப் பரீட்சை. திரௌபதி வேஷம் கட்டிய ஆம்பளை, தலைவிரி கோலமாக நின்று, கண்ணனைக் கூப்பிடும் நேரம். அதுவரை முறுக்கு கடித்துக்கொண்டிருந்த கூட்டம் வாயை மூடிவிடும். பாயில் தூங்கிய குழந்தைகளைக்கூட எழுப்பி உட்காரவைத்திருப்பார்கள். கிழவிகள் கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷக்காரரே பாதியில் நின்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சேலையில் கைவைப்பார். மைக்கைப் பிடிக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. “கூத்தைப் பாராட்டி ஐம்பது ரூபாய் அன்பளிப்பு வழங்கிய மேலத்தெரு மாமாவுக்கு ஜமா சார்பாக நன்றி” என்று ஆரம்பித்து, டிஎன் முப்பத்திரண்டில் ஆரம்பிக்கும் வண்டி வழியை மறித்து நிற்பதையும் சொல்லி முடியுங்கள். திரௌபதி காத்திருப்பாள். காத்திருந்து அவளுக்குப் பழக்கம்தான்.

கூத்தின் கோமாளியான கட்டியங்காரனிடம் மட்டும் ஜாக்கிரதை. திரைக்குப் பின்னால் துரியோதனன் தன் பெருமையைப் பாடிக்கொண்டிருக்க, இவன் முன்னால் நின்று, “ராஜா வர்றாரு, ரோட்டுல இருக்கற பள்ளத்தையெல்லாம் ஓரமா எடுத்து வையுங்கப்பா” என்பான். குளம் தூர்ந்தது, ரேஷன் கடைச் சர்க்கரை, குழுவின் வசூல் எதையும் விடமாட்டான். முன்கூட்டியே கூப்பிட்டு, “ஊர் விஷயம் பேசக் கூடாது” என்று எச்சரித்துப் பாருங்கள். அன்று ராத்திரி அந்த எச்சரிக்கையே, உங்கள் குரலிலேயே, மேடைக்கு வந்துவிடும். நான் பார்த்தவரை அவனை அடக்கிய குழு கிடையாது. தயவுசெய்து நீங்கள் அந்த முதல் குழுவாகிவிடாதீர்கள்.

படுகளத்தன்று காலையில் மைதானத்தில் மண்ணால் செய்த துரியோதனன் காலை நீட்டி மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான், ரத்தமாகச் சிவப்புத் தண்ணீர் வரும், அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடிப்பாள். அதற்கு முன் தொடைமேல் ஏறி யாராவது செல்ஃபி எடுத்தால், அவர் குழு உறுப்பினரா என்று பார்த்துவிட்டுத் திட்டுங்கள். சாயங்காலம் தீமிதி. யார் கழுத்துக்கு முதல் மாலை என்ற சண்டையை அதற்குள் முடித்துக்கொள்வது நல்லது. நெருப்பு ஆறினால் விறகுச் செலவு இரண்டு மடங்கு.

கடைசியாகக் கணக்கு. பந்தல், பிளக்ஸ், லைட் செட், பட்டாசு, குழுவின் பிரியாணி எல்லாம் போக மிச்சம் இருக்காது. வாத்தியார் பாக்கிக்காகக் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்ததும் நீங்களே முந்திக்கொள்ளுங்கள்: “அடுத்த வருஷமும் உங்க ஜமாதான் வாத்தியாரே, வேற யாரையும் விடமாட்டோம். அப்போ சேத்துக் கொடுத்துடறோம். முகவீணையையும் கூட்டிட்டு வாங்க.”