மீட்டர் எழுதும் கடிதம்

ஸ்டுட்கார்ட்,
18.2.2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்த ஊரில் ஞாயிறன்று சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போட்டு உடைக்கக்கூடாது. சத்தம் வராத காரியம் கடிதம் எழுதுவதுதான் என்பதால் உட்கார்ந்துவிட்டேன்.

"வீடு எப்படிடா, ஓனர் எப்படி?" என்று போனில் கேட்டீர்கள். நாற்பது வருஷமாக வில்லிவாக்கத்தில் ஹவுஸ் ஓனராக இருப்பவருக்கு அதை இரண்டு வரியில் சொல்லி முடிக்க முடியாது. ஜெர்மன் மொழியில் குடித்தனக்காரனுக்கு 'மீட்டர்' என்று பெயர். ஓனர் 'ஃபெர்மீட்டர்'. சென்னை ஆட்டோக்காரர்கள் போடாத மீட்டருக்கெல்லாம் சேர்த்து இங்கே நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

2021 அக்டோபரில் இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது மாடிப்படியில் முப்பது பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஃபைல்: மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் நகல், கடன் பாக்கி இல்லை என்று 'ஷூஃபா' என்ற நிறுவனம் தரும் சான்றிதழ். கூடவே ஓனர் தரப்பில் ஒரு படிவம். சம்பளம், வேலை எல்லாம் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் மதம் என்ன, எந்தக் கட்சி, குழந்தை பெற்றுக்கொள்ளும் உத்தேசம் உண்டா என்று கேட்டால், அதற்குப் பொய் சொல்லலாம் என்று இந்த நாட்டுச் சட்டமே இடம் கொடுக்கிறது. கேட்கக்கூடாத கேள்விக்குச் சொன்ன பொய்க்காக வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது. நீங்கள் வாசலிலேயே நிறுத்தி "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று கேட்பீர்களே, அது ஞாபகம் வந்தது.

எப்படியோ வீடு எனக்கு அமைந்தது. காலி வீடு என்றால் நிஜமாகவே காலி. சமையலறை என்று காட்டிய இடத்தில் சுவரிலிருந்து இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. சிங்க் இல்லை, அடுப்பு மேடை இல்லை. முன்பிருந்தவர் மொத்தச் சமையலறையையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இங்கே பல வீடுகளில் அதுதான் வழக்கமாம். உத்தரத்திலிருந்து இரண்டு ஒயர் தொங்கியது. பல்பு மாட்டும் ஹோல்டரும் அவருடையதாம். ஒரு மாதம் குளியலறை வாஷ் பேசினில் அரிசி களைந்தேன். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒப்பந்தம் பத்தொன்பது பக்கம். நம் ஊரில் பதினோரு மாத அக்ரிமெண்ட், ஒரு ஸ்டாம்ப் பேப்பர், கீழே இரண்டு சாட்சி. இங்கே வாடகையே இரண்டு: குளிர் வாடகை, சூட்டு வாடகை. குளிர் என்பது வெறும் சுவருக்கு, 780 யூரோ. அதோடு ஹீட்டர், தண்ணீர், குப்பை, மாடிப்படி விளக்கு, புகைபோக்கி பார்க்க வருபவர் செலவு என்று முன்பணம் சேர்ந்தால் சூடாகி 1,010. அட்வான்ஸ் குளிர் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக்கூடாது. அதையும் மூன்று தவணையில் கட்டலாம். எனக்கு அது தெரியாமல் 2,340 யூரோவை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டேன். ஆபீஸில் இருக்கும் பொலிவியாக்காரி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் ஓனர் அந்தப் பணத்தைத் தன் கணக்கில் கலக்காமல் தனியாக வங்கியில் போட வேண்டும். வட்டி எனக்கு. நீங்கள் வாங்கிய பத்து மாத அட்வான்ஸ் கீதா அக்கா கல்யாணச் சமையல் கான்ட்ராக்டரிடம் போன கதையை நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு வழக்கம் உண்டு, 'கேர்வோகெ'. பெருக்கும் வாரம். என் முறை வந்தால் கதவுக் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கும். அந்த வாரம் மாடிப்படி, கைப்பிடிச் சுவர், ஜன்னல் திண்டு எல்லாம் நான் துடைக்க வேண்டும். முதல் மாடிப் பாட்டி பின்னாலேயே வந்து விரலால் தடவிப் பார்ப்பார். பெரியம்மா இங்கே வந்தால் இருவரும் சிநேகிதிகள் ஆகிவிடுவார்கள்.

போன குளிர்காலத்தில் வந்ததுதான் இட்லி வழக்கு. படுக்கையறை மூலையில் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்தது. போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பினேன். வந்து பார்த்தவர் நேராகச் சமையலறைக்குப் போய் இட்லிப் பானையைத் திறந்தார். "நீராவி!" என்றார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் மாதிரி. தினமும் இரண்டு வேளை ஜன்னலை விரியத் திறந்து காற்றோட்டம் விட வேண்டுமென்று ஒப்பந்தத்தில் இருப்பதைக் காட்டினார். நான் விட்டுக்கொண்டுதான் இருந்தேன், வெளியே மைனஸ் நான்கில், ஸ்வெட்டரும் மஃப்ளருமாக.

அப்போதுதான் வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்தேன். வருஷச் சந்தா கட்டினால் வக்கீல் ஆலோசனை உண்டு. அங்கிருந்த வக்கீலம்மா வீட்டின் வரைபடத்தை என்னையே போடச் சொன்னார். பூஞ்சை இருக்கும் மூலையைத் தொட்டு, "இட்லி எங்கே வேகிறது?" என்று கேட்டார். அந்தக் கோடியில் என்றேன். "அப்படியானால் ஆவி சமையலறையைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, கதவைத் திறந்து, அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டதா?" என்றார். வெளிச்சுவர் மூலை அது, அதிலேயே ஈரம். வாடகையைக் குறைக்க எனக்கு உரிமை உண்டாம். ஆனால் அவசரப்பட்டு நானே குறைத்து, அது தப்பென்று தீர்ந்து, பாக்கி இரண்டு மாத வாடகையைத் தொட்டால் உடனே வெளியே போகச் சொல்லலாம். அதனால் முழுதாகக் கட்டு, 'ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்' என்று எழுதிக் கட்டு என்றார். எழுதினேன். ஈரம் அளக்கும் கருவியோடு ஒரு ஆள் வந்தார், சுவரைச் சரி செய்தார்கள், கொஞ்சம் பணமும் திரும்பி வந்தது. இட்லி நிரபராதி.

ஜனவரி 9ஆம் தேதி இன்னொரு கவர். 2022ஆம் வருஷத்து ஹீட்டர், தண்ணீர்க் கணக்கு, கூடுதலாக 412 யூரோ கட்டு என்று. எட்டுப் பக்கம், ஏகப்பட்ட பெருக்கல் வகுத்தல். ராத்திரி முழுக்கக் கால்குலேட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு அதே வக்கீலம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் தொகையைப் பார்க்கவே இல்லை. கவர் வந்து சேர்ந்த தேதியை மட்டும் கேட்டுவிட்டுச் சிரித்தார். கணக்கு வருஷம் முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் சீட்டு குடித்தனக்காரன் கையில் இருக்க வேண்டும். டிசம்பர் 31 தாண்டினால், தாமதம் ஓனர் பேரில் இருக்கும்வரை, கூடுதலாகக் கேட்க முடியாது. ஒன்பது நாளில் 412 யூரோ தப்பித்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஏப்ரலோடு காலி செய்கிறேன் என்று ஜனவரி 30ஆம் தேதியே ஓனருக்கு மரியாதையாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். மின்னஞ்சல் செல்லாதாம். காகிதத்தில், பேனாவால் கையெழுத்திட்டு, மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் அவர் கையில் சேர வேண்டும். விஷயம் தெரிந்து 12ஆம் தேதி காகிதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மே கடைசி வரை வாடகை. எனக்கு எப்போதும் மூன்று மாத நோட்டீஸ். ஓனர் என்னைக் காலி செய்யச் சொல்வதென்றால் ஐந்து வருஷமானவனுக்கு ஆறு மாதம், எட்டு வருஷமானால் ஒன்பது. காரணமும் எழுதித் தர வேண்டும். உங்களுக்குப் பிடித்தமான காரணம் இங்கும் உண்டு: 'சொந்தத் தேவை, பையனுக்கு வீடு வேண்டும்.' ஆனால் பையன் வந்து குடியேறாவிட்டால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவார்கள். உங்கள் பையன் கல்யாணத்தைச் சொல்லி எத்தனை குடித்தனத்தைக் கிளப்பினீர்கள்? அண்ணனுக்கு இன்னும் பெண் அமையவில்லை.

காலி செய்யும்போது முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடித்துத் தர வேண்டும் என்று பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. அதுவும் செல்லாது. பெயிண்ட் அடிக்காத வீட்டை ஈடு ஏதும் தராமல் கொடுத்துவிட்டு, பெயிண்ட் அடித்துத் தா என்று கேட்கக்கூடாது என்று 2015இல் இங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் சாவி வாங்கிய அன்று சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளும் முன்பிருந்த குழந்தையின் கிரேயான் யானையும் ஒப்படைப்புப் பத்திரத்தில் எழுதப்பட்டு ஓனர் கையெழுத்தோடு என்னிடம் இருக்கின்றன.

இதை இவ்வளவு விஸ்தாரமாக எழுதக் காரணம், கீழ் போர்ஷன் வாத்தியார் காலி செய்கிறார், பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கப்போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அந்தப் போர்ஷனுக்குக் கடைசியாக டிஸ்டெம்பர் அடித்தது கீதா அக்கா கல்யாணத்துக்கு. வாளி தூக்கியவன் நான். வாத்தியார் வந்தது அதற்கு நான்கு வருஷம் கழித்து.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மீட்டர்

பி.கு.: திட்டிப் பதில் எழுதுவதானால் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவும். வாட்ஸ்அப்பில் வந்தால் செல்லாது.